திலகாவுக்கு ஒரு குண்டு துளைக்காத ஜாக்கெட்

1. பச்சை ஜீப்

மேஜர் மேடம் முதல்முறை எங்கள் யூனிட்டுக்கு வந்த அன்று கரண்ட் இல்லை. கடலூரில் மே மாதம் கரண்ட் போனால் தையல் யூனிட்டுக்குள் யாரும் உட்கார முடியாது. பெண்கள் எல்லோரும் மெஷினை விட்டெழுந்து வாசலில் நின்று துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பச்சை ஜீப் வந்து நின்றது.

எங்கள் முதலாளி குமரவேல் வெறுங்காலோடு உள்ளே ஓடி ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். பள்ளிக்கூட யூனிஃபார்ம், கெமிக்கல் கம்பெனித் தொழிலாளிகளுக்கு ஏப்ரன், கையுறை, இதுதான் அதுவரை நாங்கள் தைத்தது. ராணுவத்துக்குத் தைக்கிற வேலை கேட்டு அவர் எழுதிப் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆட்கள் நேரில் வருவார்கள் என்று அவரே நினைக்கவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் மலையாளி. ஒல்லியான உடம்பு, நரை தெரிய இறுக்கி முடிந்த கொண்டை. தமிழ் நன்றாகவே பேசினார். உள்ளே வந்ததும் கட்டிங் டேபிள் மேல் ஒரு ஜாக்கெட்டை வைத்தார். வைத்த சத்தத்தில் டேபிளில் இருந்த கத்தரிக்கோல் துள்ளியது.

"கட்டிங் மாஸ்டர் யாரு?"

குமரவேல் என்னைக் காட்டினார். பெண் கட்டிங் மாஸ்டர்கள் எங்கள் தொழிலில் குறைவு. வழக்கமாக வருகிறவர்கள் எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். மேஜர் பார்க்கவில்லை.

"உங்க பேரு?"

"பிலோமினா மேடம்."

"பிலோமினா, இதத் தூக்கிப் பாருங்க."

ஒரு கையால் முடியவில்லை. துணி உறைக்குள் குண்டைத் தடுக்க முன்னால் ஒரு பிளேட், பின்னால் ஒரு பிளேட். சிப்பாய்கள் இதை மாட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள், படுக்கிறார்கள், சுடுகிறார்கள் என்று மேஜர் சொன்னார்.

இதைப் படிக்கும் இளைய பிள்ளைகளுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்புக் கொள்கையை மேலே உட்கார்ந்து அலசிப் பார்த்து, ராணுவத்தைப் புதுசாக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்த காலம் அது. பேப்பரில் பீரங்கி, டிரோன், ஏவுகணை படங்கள்தான் வரும். எங்களிடம் வந்து சேர்ந்தது அதில் இரண்டே விஷயம். ஒன்று, சிப்பாய் உடம்பில் போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டில் வாங்குவதைக் குறைத்து இங்கேயே, எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளிடமும் வாங்க வேண்டும். பிளேட் செய்வது வேறு ஒரு பெரிய கம்பெனி. அதைத் தாங்கும் உறையை வெட்டித் தைப்பது எங்கள் வேலை.

"முன்னாடி பொண்ணுங்க ஆபீசரா வருவாங்க, டாக்டரா, நர்ஸா வருவாங்க. இப்ப சிப்பாயாவும் வந்தாச்சு. ஆனா போட்டுக்கறது இந்த ஆம்பளை ஜாக்கெட்தான். இத மாத்தணும்," என்றார் மேஜர்.

குமரவேல் உடனே, "அதுக்கென்னா மேடம், ஸ்மால் சைஸ் அடிச்சிட்டா முடிஞ்சிது," என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

2. பஸ்ஸில் போன சாம்பிள்

ராணுவத்தில் எந்தச் சாமானையும் குளிரில் ஒரு தடவை, பாலைவனத்தில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்களாம். எங்கள் பக்கத்துப் புழுக்கத்திலும் பார்க்க வேண்டும் என்று ஒரு குழு சிதம்பரத்தில் வந்து தங்கியிருந்தது. ஒரு கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். கடலூரில் நாங்கள் தைக்க, சிதம்பரத்தில் அவர்கள் போட்டுப் பார்க்க, குறையைச் சொல்ல, நாங்கள் மறுபடி வெட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஆண்கள் ஜாக்கெட்டின் பேட்டர்னை எல்லாப் பக்கமும் சின்னதாக்கி முதல் சாம்பிளை அடித்தேன். பட்டி பிரியாமல் நெருக்கிப் பார்டாக் அடித்த இடமெல்லாம் நானே இழுத்துப் பார்த்தேன். தையல் இரும்பு மாதிரி நின்றது. கொண்டுபோக வருவதாகச் சொன்ன ஜீப் அன்று வேறு வேலையாகப் போய்விட்டது. சரி, பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று அதே எடையுள்ள டம்மி பிளேட்டோடு ஒரு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கண்டக்டர் பையைக் காலால் நகர்த்தப் பார்த்தார். அது நகரவில்லை.

"என்னாம்மா இது, அம்மிக்கல்லா?"

"ஜாக்கெட்டு."

"ஜாக்கெட்டா? யாரு போட்டுக்கறது?"

"பொம்பளப் பிள்ளைங்கதான். மிலிட்டரியில இருக்காங்க."

அவர் ஒரு நிமிடம் பையைப் பார்த்தார். லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமலே நகர்ந்து போனார். சிதம்பரத்தில் நான் இறங்கும்போது பையை அவரே தூக்கிக் கீழே வைத்து, "ஆத்தாடி," என்று மட்டும் சொன்னார்.

3. "நல்லா இருக்கு மேடம்"

போட்டுப் பார்க்க நாலைந்து பெண் சிப்பாய்கள் இருந்தார்கள். தமிழ்ப் பெண் ஒருத்திதான், பெயர் திலகா. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பம். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். நான் கடலூர் என்றதும், "நம்ம ஊருங்களா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் மேஜர் நிற்பது நினைவு வந்து விறைப்பாக நின்றாள்.

அந்த ஒரே ஜாக்கெட்டை ஒவ்வொருத்திக்கும் மாட்டி ஓடவிட்டார்கள், குனியவிட்டார்கள், நடக்கவிட்டார்கள். மேஜர் ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்," என்றாள் திலகா. மற்றவர்களும் இந்தியில் அதையே சொன்னார்கள். தோள்? நல்லா இருக்கு மேடம். இடுப்பு? நல்லா இருக்கு மேடம். எதைக் கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் சாம்பிளே பாஸ் ஆகிறதே என்று குமரவேலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் யூனிட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

மேஜர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. "வெயிலா, என்னான்னு தெரியல. படுத்துக் குறி பார்க்கும்போது எல்லாரும் திணறுறாங்க," என்றார்.

மதியம் எல்லோருக்கும் சாப்பாடு வந்தது. திலகா எனக்காகத் தனியாக இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். சிதம்பரம் வந்துவிட்டுக் கொத்சு சாப்பிடாமல் போகக்கூடாதாம். மரநிழலில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். டம்ளரை வாய்க்குத் தூக்கவில்லை, வாயை டம்ளருக்குக் கொண்டுபோனாள். கொண்டை அவிழ்ந்து தொங்கியது, அதை முடியக் கை தூக்கவில்லை.

"தோள்ல என்னாடி?"

"ஒண்ணுமில்லம்மா."

காலரைக் கொஞ்சம் விலக்கினேன். கழுத்தெலும்பு நெடுக ரத்தம் கன்றிச் சிவந்திருந்தது. அவள் சட்டென்று காலரை மூடிக்கொண்டாள்.

"இத ஏன் மேடத்துகிட்ட சொல்லல?"

திலகா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, நாங்க சேந்ததே பெரிய விஷயம். ஷூ கடிக்குதுன்னு ஒருத்தி சொன்னதுக்கே, பாரு பொம்பளைங்க வந்ததும் எல்லாத்தையும் மாத்தணும்ங்கறாங்கன்னு ஒரு பேச்சு வந்துடுச்சி. இதயும் சொன்னா, இவுங்களால முடியலன்னு முடிச்சிடுவாங்க. ஆம்பளைங்க ஒருத்தரும் சொல்லலல்ல? நாங்களும் தாங்கிக்கிறோம். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் யூனிட்டில் ஊசி ஏறிய விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு தைக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் கேட்டால் ஒண்ணுமில்லை என்பார்கள். ஆனால் இந்தச் சாம்பிள் பாஸ் ஆனால், இதே கன்றல் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பெண்களின் கழுத்தில் விழும். வெட்டியது என் கை.

"நீ சொன்னேன்னு சொல்ல மாட்டேன்," என்றேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த ஜாக்கெட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

4. மாட்டிக்கொண்டு வேலை செய்தேன்

மறுநாள் காலையில் அதை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். நாற்பது வருஷத்துக்கு மேல் துணி வெட்டியிருக்கிறேன். வெட்டியதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

குமரவேல் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, இன்னா பண்றீங்க? உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா? கழட்டுங்க மொதல்ல."

"வேலை செய்யறேன் தம்பி. துணிய அடுக்கி லே போட்டாச்சு, வெட்டணும்."

"மயக்கம் போட்டு வுழுந்தீங்கன்னா மாமாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" மாமா என்றது என் கணவரை. "அதான் பாஸ்னு சொல்லிட்டாங்களேக்கா! அது பாட்டுக்குப் போவட்டும்."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. அந்த ஆர்டரை நம்பித்தான் புது மெஷின் இறக்கியிருந்தார். ஆனாலும் நான் கழற்றவில்லை.

டேபிளில் குனிந்து வெட்டுக் கோடு போடும்போது கீழ்ப் பக்கம் பிளேட் இடுப்பெலும்பில் இடித்தது. இடித்த வேகத்தில் மேல் பக்கம் எழும்பித் தொண்டையில் குத்தியது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. படுத்தால் இதுவேதான் நடக்கும். கீழே முட்டும், மேலே எழும்பும், தலையைத் தூக்கிக் குறி பார்க்க முடியாது. தோள்பட்டி அகலம் குறைந்திருந்தாலும் வெளிப்பக்கமாகச் சரிந்து, கை தூக்கும்போதெல்லாம் கழுத்தெலும்பில் அறுத்தது. மத்தியானம் தரையில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துப் பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பெண்கள் வந்து தூக்கிவிட்டார்கள். யூனிட்டே சிரித்தது, நானும் சிரித்தேன். சாயந்திரம் கழற்றும்போது திலகாவுக்கு எங்கே சிவந்திருந்ததோ அங்கேதான் எனக்கும் சிவந்திருந்தது.

பெண்ணுடம்பு என்பது ஆணுடம்பின் ஸ்மால் சைஸ் இல்லை. இது எனக்குத் தெரியாதா? பிளவுஸ் வெட்டும்போது தெரியும். ராணுவம் என்றதும் மறந்துவிட்டது.

குமரவேலிடம் கழுத்தைக் காட்டினேன். 

"போய்ச் சொல்லிட்டு வாங்கக்கா. ஆர்டர் போனாப் போவுது," என்றார்.  அவரே பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்.

5. மேஜர் செய்த காரியம்

சிதம்பரத்தில் மேஜரைத் தனியாகப் பார்த்தேன்.

"மேடம், சாம்பிள் சரியில்ல. நான் போட்டுப் பார்த்தேன்." கழுத்தைக் காட்டினேன்.

"பொண்ணுங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே?"

"நான் என் உடம்புல பட்டதச் சொல்றேன் மேடம். அவுங்களப் பத்தி எனக்குத் தெரியாது."

 அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"பிலோமினா, நான் இத்தனை வருஷம் ஆம்பளை ஜாக்கெட்தான் போட்டேன். யார் கேட்டாலும் 'ஃபைன் சார்'னு மட்டும் சொல்லுவேன். என்னை மாதிரியே அவங்களும் சொல்லுவாங்கன்னு எனக்குத் தோணாமப் போச்சே!"

திலகா பயந்தது என்னவென்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. இப்போது பெண்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்றால் பேச்சு வேறு மாதிரி திரும்பும்.  அவர் செய்தது எனக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. பெண்களோடு குழுவில் இருந்த ஆண் சிப்பாய்களையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். அவரும் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார்.

"இனிமே யாருகிட்டயும் எப்படி இருக்குன்னு கேக்கப் போறதில்லை. வேலை கொடுப்போம். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க," என்று என்னிடம் சொன்னார்.

அவரவர் பழைய ஜாக்கெட்டோடு எல்லோரும் லாரியில் பின்பக்கமாக ஏறினார்கள். ஷூ நாடா கட்டினார்கள். தவழ்ந்தார்கள். படுத்துக் குறி பார்த்தார்கள், குண்டு இல்லாமல்தான். அண்ணாந்து தண்ணீர் குடித்தார்கள். நான் டேப்போடு பக்கத்திலேயே ஓடினேன். எங்கே இழுக்கிறது, எங்கே எழும்புகிறது என்று துணி மேலேயே சாக்பீஸால் கோடு போட்டேன். மேஜர் முதுகிலும் கோடு போட்டேன்.

வடக்கே மலைப் பகுதியிலிருந்து வந்த சிப்பாய் ஒருவர் இருந்தார். என் உயரம்தான் இருப்பார். படுத்தபோது அவருக்கும் ஜாக்கெட் தாடையில் முட்டியது. எழுந்தவர் தோள்பட்டிக்கு அடியில் கையை விட்டு மடித்த துண்டு ஒன்றை வெளியே எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் துண்டை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறாராம். இந்தியில் அவர் சொல்ல, திலகா எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

"மேடம்," என்று மேஜர் பக்கம் திரும்பினாள். "எனக்கும் அங்கதான் மேடம் அறுக்குது."

பின்னாலேயே மற்றப் பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். உயரமான ஒரு ராஜஸ்தான்காரர் தனக்கு ஜாக்கெட் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடுகிறது என்றார். அன்றைக்கு வந்த குறைகளை எழுத மேஜரின் நோட்டு போதவில்லை.

அறிக்கையில் பெண்கள் ஜாக்கெட் என்ற வார்த்தையே வராமல் மேஜர் பார்த்துக்கொண்டார். உடம்பின் நீளத்துக்கு ஒரு அளவு, தோளுக்கு ஒரு அளவு, மார்புப் பக்கத்துக்கு ஒரு வளைவு, ஆணோ பெண்ணோ அவரவர் உடம்புக்கு எது பொருந்துகிறதோ அது, என்று எழுதினார்.

6. துடைப்பத் துப்பாக்கி

புதுப் பேட்டர்னை உடம்பில் வைத்து வெட்ட ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். மேஜர் திலகாவை இரண்டு நாள் கடலூருக்கு அனுப்பி வைத்தார்.

அந்த இரண்டு நாளும் எங்கள் யூனிட்டில் திருவிழா மாதிரி இருந்தது. திலகா கட்டிங் டேபிள் மேல் ஏறிக் குப்புறப் படுத்து, துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி தோளில் பொருத்திக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று மஸ்லின் துணியை உடம்பின் மேலேயே வெட்டி ஊசி குத்துவேன். துடைப்பக் கட்டை எங்கே உட்கார்கிறதோ அந்த இடத்தில் பட்டி வரக்கூடாது.

"துப்பாக்கிய இன்னும் கொஞ்சம் உள்ள வையிடி."

"இது துப்பாக்கி இல்லம்மா, தொடப்பம். இதால சுட்டா எதிரி சிரிச்சே செத்துடுவான்."

மெஷின் எல்லாம் நின்றுபோய்ப் பெண்கள் சிரிப்பார்கள். குமரவேல் வேலை கெடுகிறது என்று அலுத்துக்கொண்டே எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கி வந்தார். ராத்திரி அவள் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். மறுநாள் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓடப் போய்விட்டு, வலை இழுத்தவர்கள் கொடுத்தார்கள் என்று சங்கரா மீனோடு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்தான் என்பதால் எனக்கும் வசதியாகப் போயிற்று. நான் மாதா கோயில் பூசைக்குப் போய் வருவதற்குள் அவளே குழம்பு வைத்திருந்தாள். காரம் ஜாஸ்தி. என் கணவர் கண்ணில் தண்ணீர் வழிய, "நல்லா இருக்கும்மா," என்றார்.

முன்பக்க நீளத்தைக் குறைத்தோம். கை நுழையும் ஆர்ம்ஹோலை உள்ளே குடைந்தோம். தோள்பட்டியைக் கழுத்துப் பக்கம் தள்ளி அடியில் வலைத்துணிப் பேடிங் வைத்தோம். பக்கவாட்டில் இழுத்து விட்டுக்கொள்ளப் பட்டி. அடிபட்டால் ஒரே இழுப்பில் ஜாக்கெட் கழன்று விழ வேண்டும் என்று மேஜர் போனில் சொன்னார். அதை மட்டும் எட்டு விதமாகத் தைத்துப் பிரித்தேன். பிளேட்டின் வடிவத்தை மாற்றச் சொல்லி அந்தப் பெரிய கம்பெனியிடம் மேஜர் சண்டை போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சிதம்பரத்தில் இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தபோது யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திலகா ஓடி வந்து விழுந்து படுத்தாள், தலையைத் தூக்கினாள், அசையாமல் குறி பார்த்தாள். மேஜர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

7. அதற்குப் பிறகு

முழு ஆர்டரும் எங்களுக்கே வந்தது என்று எழுத ஆசைதான். அப்படி வரவில்லை. அவ்வளவு உருப்படி அடிக்க எங்களால் முடியாது. பெரிய யூனிட் ஒன்றுக்கு எங்கள் பேட்டர்ன் போயிற்று, அதில் ஒரு பங்கு தைக்க எங்களுக்குக் கொடுத்தார்கள். குமரவேலின் புது மெஷின்கள் சும்மா நிற்கவில்லை. மேஜர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

தையல் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போட்டுக்கொள்கிறவர்களை நிற்க வைத்து, நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு, பயத்துக்கு, வேலை போய்விடும் என்பதற்கு, பாவம் கஷ்டப்பட்டுத் தைத்திருக்கிறாளே என்பதற்கு, எதற்காவது நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அவர்கள் செய்கிற வேலையைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். முடிந்தால் நீங்களே ஒருநாள் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். குறை சொல்ல ஒருவர் வாய் திறந்தால், அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன மார்கழியில் ஒருநாள் திலகா கூப்பிட்டாள். வடக்கே ஏதோ மலை மேல் இருந்தாள். காற்று போனுக்குள் இரைந்தது. சாப்பிட்டீங்களா, ஐயா எப்படி இருக்கார் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, நாம வெயில்ல போட்டுப் பாத்து வெட்டினோமா? இங்க உள்ள தடிப்பா ஸ்வெட்டர் போடறோம். அக்குள்கிட்ட புடிக்குது. அப்புறம் அந்த இழுக்கற பட்டி இருக்கு பாருங்க, கிளவுஸ் போட்ட கையால புடிக்கவே முடியல. பெருசா வச்சிருக்கணும். மேலயும் சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வேற என்னாடி?"

"வேறயா? இருங்க இருங்க. பக்கத்துல இன்னும் ரெண்டு பேரு இருக்காளுங்க. அவளுங்களுக்கும் உங்ககிட்ட சொல்லணுமாம்."

போன் கைமாறியது.